முகம் ஒளியாக இருந்தது

மக்கா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்கு முன்னாலேயே உன் முதலாளி உனக்குப் போன் பண்ணியிருப்பார். உன் உம்மாவுக்கு வயசாகிவிட்டது, தலைக்குச் சரியில்லை, ஊர் முன்னால் எங்கள் குடும்பத்தை நாறடித்துவிட்டாள் என்று சொல்லியிருப்பார். நாறடித்தது உண்மைதான். மற்றதெல்லாம் பொய். "அவர்" என்று நான் மரியாதை கொடுத்து எழுதுவது இத்தோடு முடிந்தது, இனி அவன்தான். பெயரை எழுத மாட்டேன். எழுதாமலே ஊருக்குத் தெரியும், தவிர அந்தப் பெயரை எழுத என் கை கூசுகிறது.

இதை மறைவாக எழுதவில்லை. தாளில் எழுதி முடித்ததும் பக்கத்து வீட்டு நஸீமாவிடம் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொல்வேன். உனக்கு அனுப்புகிற கையோடு ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் அதைப் போடுவாள். மகனுக்கு எழுதுவதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று நீ கேட்பாய். இத்தனை வருஷம் ஒரு விஷயத்தை நான் ஒருத்தியே தெரிந்து வைத்திருந்தேன். அந்தப் பாரத்தை இனி எல்லோரும் கொஞ்சம் சுமக்கட்டும், தூக்கம் கெடட்டும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தாய் மகனுக்குச் சொல்ல வேண்டிய புத்திமதியும் இதற்குள்ளேயே வருகிறது. பாதியில் போனைக் கீழே வைத்துவிடாதே.

உன் உம்மா மய்யத்து குளிப்பாட்டுகிறவள். இந்தக் கரையில் பெண்கள் யார் மௌத்தானாலும், உடம்பைக் கழுவி அடக்கத்துக்குத் தயார் பண்ண என்னைத்தான் கூப்பிடுவார்கள். உன் வாப்பா போன பிறகு ஆரம்பித்தது. எனக்கு இது பிழைப்பு இல்லை, கடமை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உன்னை 'மய்யத்துக்காரி மோன்' என்று கூப்பிட்டதும், நீ அழுதுகொண்டு வந்து பையைத் தூக்கி எறிந்ததும் எனக்கு மறக்கவில்லை. துபாய் போன புதிதில் நீ போன் பண்ணி, இனி அதற்கெல்லாம் போக வேண்டாம் உம்மா, நான் சம்பாதிக்கிறேன் அல்லவா என்றாய். நான் சரி மக்கா என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டுதான் இருந்தேன். பெண்ணைப் பெண்தான் குளிப்பாட்ட வேண்டும். நான் போகாவிட்டால் அந்தப் பிள்ளைகளை யார் பார்ப்பது.

குளிப்பாட்டுகிறவளுக்கு ஒரு விதி உண்டு. மய்யத்தில் நல்லது கண்டால் வெளியே சொல்லலாம். குறை கண்டால் அது மண்ணோடு போக வேண்டும். நாங்கள் வேலை முடித்து அறையைத் திறந்து வெளியே வந்ததும் பெண்கள் சூழ்ந்துகொண்டு முகம் எப்படி இருந்தது என்று கேட்பார்கள். 'முகம் ஒளியா இருந்திச்சு' என்று சொல்லுவோம். பெற்றவளுக்கு அந்த ஒரு வார்த்தை போதும், அதைப் பிடித்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவாள். அதனால் எனக்கு இந்த விதியின் மேல் கோபம் இல்லை. இன்றைக்கும் அது நல்ல விதி என்றுதான் சொல்வேன்.

ஆனால் பார்த்த கண்ணைக் கழுவ முடியாது மக்கா. யாருக்கு எங்கே ஆபரேஷன் தழும்பு, யார் கட்டியைப் புருஷனுக்குத் தெரியாமல் மறைத்தே செத்தாள், எல்லாம் எனக்குத் தெரியும். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். வெளியூரில் ஒரு கிழவியைக் குளிப்பாட்டப் போனேன். அரையில் கட்டியிருந்த கயிற்றில் ஒரு கைக்குழந்தை வளையல் கோத்திருந்தாள். அவளுக்குப் பிள்ளையே இல்லை என்றுதான் ஊர் நினைத்திருந்தது. அதை அவிழ்த்து, யாரும் பார்க்காமல் அவள் பெட்டியில் துணிக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். கல்யாண வீடுகளில் சில பெண்கள் என்னைக் கண்டால் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். என்னமோ நான் அவர்களையும் துணியை ஊடுருவிப் பார்த்துவிடுவேன் என்கிற மாதிரி. நான் பிரியாணியைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். இப்படி எத்தனையோ தெரிந்தும் எனக்குப் பசி கெட்டதில்லை. கெட்டது ஒரே ஒரு தடவைதான்.

ஸபியா மாமியை உனக்கு நினைவிருக்கும். நம் தெருக்கோடி வீட்டுப் பிள்ளை. மண்டைக்காட்டுக் கோயில் கொடைக்கு வளையல் வாங்கப் போகும்போது உன்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், பீப்பி வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தவள். அந்தப் பீப்பியை ஊதி ஊதி நீ எங்கள் காதைக் கெடுத்தாய். அவளைக் கட்டிக்கொண்டு போனவன்தான் உன் முதலாளி. பெரிய இடம், துபாயில் கடை, பள்ளிவாசலுக்கு மார்பிள் போட்டுக் கொடுத்த குடும்பம். அவள் உம்மா வீட்டுக்கு வருவது குறைந்துகொண்டே போனது. வந்தாலும் கைநீட்டுச் சட்டை போட்டு, சூட்டிலும் பொத்தானைக் கழற்றாமல் இருப்பாள். நீ பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிய வருஷம், குளியலறையில் வழுக்கி விழுந்து மௌத்தானாள் என்று காலையில் செய்தி வந்தது. மதியம் லுஹர் தொழுகைக்கு முன்னால் அடக்க வேண்டும், சீக்கிரம் வா என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

குளிப்பாட்டும்போது நானும் எனக்கு உதவுகிறவளும் மட்டும்தான் இருப்போம். அன்றைக்கு அவள் மாமியார், அதாவது அவனைப் பெற்றவள், உதவிக்கு நானே போதும் என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே நின்றாள். துணியைப் போர்த்தியபடியே நான் வலது பக்கம் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தேன். விழுந்த உடம்பு எனக்குத் தெரியும். அது விழுந்த உடம்பு இல்லை. தோளிலும் விலாவிலும் பழைய மஞ்சளும் புதிய நீலமுமாக இருந்தது. தலைமுடியைப் பின்னுவதற்காக ஒதுக்கியபோது காதுக்குப் பின்னால் சதுரமாக ஒரு தடம் பதிந்திருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு, நாலு மூலையும் தெளிவாக. நான் கையை எடுத்துவிட்டு மாமியாரைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மய்யத்துல கண்டத வெளிய பறயப்பிடாது. ஒனக்குத் தெரியாததா" என்றாள்.

அந்தத் தடம் என்ன என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியே முற்றத்தில், மய்யத்தைத் தூக்கிப் போகிற சந்தூக்குக்குப் பக்கத்தில் நின்று அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த கையில் வெள்ளி மோதிரம், அதில் சதுரமாகச் சிவப்புக் கல். நான் அறையை விட்டு வெளியே வந்ததும் ஸபியாவின் உம்மா ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என் பிள்ளை முகம் எப்படி இருந்தது என்றாள். விதி சொன்னதை நான் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையே கேட்பாள். மீன் வாங்க நிற்கும்போது கேட்பாள், நோன்புக் கஞ்சி கொண்டுவந்து தரும்போது கேட்பாள். நானும் அதையே சொல்லுவேன். அவள் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, நிம்மதியாகப் போவாள். அவள் போன பிறகு எனக்குச் சோறு இறங்காது. அவனோ அடுத்த வருஷமே இன்னொரு பெண்ணைக் கட்டினான். கடை இரண்டானது, மூன்றானது. பிறகு ஊர்ப் பிள்ளைகளுக்கு விசா கொடுக்கிற தர்மவான் ஆனான். உனக்கும் கொடுத்தான். அன்று நீ குதித்த குதியைப் பார்த்து நான் என்ன சொல்ல முடியும். உனக்குப் பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டு அடுக்களையில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

போன நோன்பில் கோட்டாறிலிருந்து மார்க்கம் படித்த ஒரு சின்ன வயசு ஆலிமா பெண்களுக்கு பயான் சொல்ல வந்திருந்தாள். மய்யத்து குளிப்பாட்டும் முறையைத்தான் அன்று சொல்லிக்கொண்டிருந்தாள். குறையை மறைக்கிற விதியும் வந்தது. நான் எழுந்து, அந்தக் குறை அவளுக்கு இன்னொருத்தன் செய்ததாக இருந்தால் என்ன மோளே என்று கேட்டேன். பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மய்யத்தோட குறையைத்தான் மாமி மறைக்கணும். அநியாயம் செஞ்சவனோட குற்றத்த யாரும் மறைக்கச் சொல்லல. அதச் சொல்றதுக்குப் பேரு சாட்சி" என்றாள்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது மக்கா. எனக்கு விதியைப் பாதி சொல்லி வாயைத் தைத்திருக்கிறார்கள். மாமியார்க்காரிக்கு மறுபாதியும் தெரிந்திருக்கும், அதனால்தான் முந்திக்கொண்டு சொன்னாள். மார்க்கத்தையே எடுத்து அவள் மகனுக்குக் கதவு செய்து சாத்தியிருக்கிறாள். பள்ளியில் பாங்கு சொன்னதுகூட எனக்குக் கேட்கவில்லை, அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் இத்தனை வருஷம் கழித்து யாரிடம் போய் என்னத்தைக் காட்டுவது. உடம்பு மண்ணாகியிருக்கும். கிழவிக்குப் பொறாமை என்பார்கள். உன் விசாவும் அவன் கையில் இருந்தது. அதனால் காத்திருந்தேன். அவனும் ஒருநாள் இடறுவான் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டேன். துவாவில் பழி கேட்கக்கூடாது என்பார்கள். கேட்டேன்.

அப்போதுதான் நீ போன் பண்ணினாய். உன் நிக்காஹுக்கு வேண்டிய சாட்சிகளில் ஒருவராக முதலாளி இருக்கச் சம்மதித்துவிட்டார், அதற்காகவே ஊருக்கு வந்திருக்கிறார் என்றாய். கல்யாணத்துக்கு அவர் போட்டிருக்கிற மாதிரியே எனக்கும் ஒரு மோதிரம் வாங்கித் தருகிறேன் என்றிருக்கிறார் உம்மா என்று சிரித்தாய். நான் போனைக் கட் பண்ணிவிட்டேன். லைன் போய்விட்டது என்று நீ நினைத்திருப்பாய். பார்த்ததைச் சொல்ல முடியாமல் நான் இங்கே கிடக்க, அவன் வந்து உன் கல்யாணத்துக்குச் சாட்சி சொல்வதா என்று அன்று முழுக்க எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே அவனைப் பெற்றவள் மௌத்தானாள். கட்டிலிலிருந்து விழுந்துவிட்டாளாம். செய்தி வந்ததும் நான் சந்தோஷப்பட்டேன், பொய் சொல்ல மாட்டேன். நல்ல புடவையாக எடுத்து உடுத்தினேன். கிழவி, நீ உன் மருமகளுக்கு, இல்லை, என் தெருப் பிள்ளைக்குச் செய்ததை எல்லாம் உன் காதிலேயே சொல்லிக்கொண்டு உன்னைக் குளிப்பாட்டுகிறேன் வா என்று மனசுக்குள் பேசிக்கொண்டே அந்தப் படியேறினேன். இலந்தை இலை போட்ட தண்ணீர் தயாராக இருந்தது. உதவிக்கு நஸீமாவைக் கூட்டிப் போயிருந்தேன். துணிக்கு அடியில் கையை விட்டு அவள் வலது கையைத் தூக்கினேன். மணிக்கட்டுக்கு மேலே சதுரமாக ஒரு தடம். நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் இன்னொன்று, நாலு மூலையும் தெளிவாக.

முதலில் எனக்கு இரக்கம் வரவில்லை மக்கா. உனக்குமா என்று ஒரு குளிர்ச்சிதான் வந்தது. மூடி வைத்தாயே, மூடி வைத்தது உன் மேலேயே விழுந்ததா என்று நினைத்தேன். அந்த நினைப்பு போக அதிக நேரம் ஆகவில்லை. அவள் நகங்கள் எல்லாம் வெட்டாமல் வளர்ந்து கிடந்தன, கீழ் முதுகில் படுக்கைப் புண் இருந்தது. கடைசி காலத்தில் அவளுக்கும் கைநீட்டுச் சட்டைதான் போட்டிருக்கிறார்கள். நான் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தேன். மய்யத்தை நன்றாகப் போர்த்திவிட்டு, கதவைத் திறந்து அவனைக் காக்கா என்று கூப்பிடுகிற தங்கையையும் அவனுடைய இப்போதைய பெண்டாட்டியையும் உள்ளே கூப்பிட்டேன். அந்தக் கையை மட்டும் விலக்கிக் காட்டினேன். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பெண்டாட்டி பார்த்தாள். வேலை செய்வதற்காக முழங்கைவரை ஏற்றியிருந்த சட்டைக்கையை மெதுவாக இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"மாமி, மய்யத்துல கண்டத வெளிய பறயப்பிடாதுல்லா" என்றாள் தங்கை. அவள் உம்மா சொன்ன அதே வார்த்தை.

"இது மய்யத்துக்க கொறை இல்ல. ஒனக்க காக்காக்க கொறை" என்றேன்.

கதவுக்குப் பின்னால் நின்றபடியே முற்றத்தில் இருந்த இமாமைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இந்த மய்யத்தை இப்போது குளிப்பாட்ட மாட்டேன், போலீஸ் வந்து பார்க்கட்டும், அதற்குப் பிறகு நானே குளிப்பாட்டுகிறேன் என்றேன். ஆண்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். அவன் கதவுக்குப் பக்கத்தில் வந்தான். சத்தம் போடவில்லை. சிரித்த மாதிரிதான் முகத்தை வைத்திருந்தான்.

"மாமி, ஒங்க மோனுக்க விசா எனக்க கையிலாக்கும் இருக்கு" என்றான்.

"தெரியும். அந்தக் கையத்தான் எல்லாரும் பாக்கணும்ணு சொல்லுகேன்" என்றேன்.

நீ வாங்கித் தந்த போனில்தான் போலீசுக்குப் போன் பண்ணினேன். நம்பரைத் தப்பாக அழுத்தி, திரும்ப அழுத்தினேன். ஒருத்தரும் தடுக்கவில்லை, ஒருத்தரும் உதவவும் இல்லை. இமாம் மட்டும், மய்யத்தைப் போலீஸ் வருகிறவரை யாரும் தொட வேண்டாம் என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். போலீஸ் வந்து போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அவனையும் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. அவன் ஜீப்பில் ஏறும்போது மோதிரக்கையை மற்றக் கையால் மூடிக்கொண்டான். அதைப் பார்த்த சுகத்தை நான் யாருக்கும் தர மாட்டேன், அது எனக்கே இருக்கட்டும்.

நேராக ஸபியாவின் உம்மா வீட்டுக்குப் போனேன். இது எனக்கு அந்த முற்றத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. அவளிடமிருந்து அந்த ஒளியைப் பிடுங்கப் போகிறேன் என்று எனக்குத் தெரியும். உட்கார வைத்து எல்லாம் சொன்னேன். தோள், விலா, காதுக்குப் பின்னால் இருந்தது, கதவைச் சாத்தியவள் சொன்னது, எல்லாம். அவள் என்னை அடிக்கட்டும், காறித் துப்பட்டும் என்று இருந்தேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அந்த எடத்துல தண்ணி ஊத்தும்போ பைய ஊத்தினியா மக்கா?"

பைய ஊத்தினேன் என்றேன். அது பொய் இல்லை. நீ கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது உன்னைத் துடைத்ததைவிடப் பைய ஊற்றியிருந்தேன். அவள் எழுந்து துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, வா ஸ்டேஷனுக்குப் போவோம் என்றாள். இரண்டு பேரும் போய் எழுதிக் கொடுத்தோம். பழைய விஷயத்துக்கு ஆதாரம் கிடைக்குமா என்று தெரியாது என்றுதான் அங்கே சொன்னார்கள். கேட்டுக்கொண்டோம். இந்தக் கடிதத்தை ஊருக்குப் போடலாமா என்றும் அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

போஸ்ட்மார்ட்டம் முடிந்து மய்யத்து வந்ததும், சொன்ன மாதிரி நானே அந்தக் கிழவியைக் குளிப்பாட்டினேன். நகம் வெட்டி, கற்பூரத் தண்ணீர் ஊற்றி, மூன்று பின்னலாகப் பின்னி, ஒரு குறையும் வைக்கவில்லை. பேசுவதற்கு எத்தனையோ வைத்திருந்தேன். கடைசியில் அவள் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னேன். பறஞ்சுட்டேன் என்றேன். வெளியே வந்தபோது முகம் எப்படி இருந்தது என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

இப்போது அவனை விசாரித்துவிட்டு விட்டிருக்கிறார்கள், ரிப்போர்ட் வர வேண்டுமாம். ஜமாஅத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் வந்து, கண் மங்கிவிட்டது, தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிவிடும்படி கேட்டார்கள். டீ போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான் கொடுத்தேன். உனக்குப் பேசியிருக்கிற பெண்ணின் வாப்பாவும் யோசிக்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். உன் வேலை போகலாம். கல்யாணம் தள்ளலாம், நின்றும் போகலாம். உனக்கு நான் செய்திருக்கிற கெடுதி இது, தெரிந்துதான் செய்தேன். என் மேல் கோபப்படு, பேசாமல் இரு, ஆனால் அவன் தருகிற மோதிரத்தை மட்டும் வாங்காதே. ஊருக்கு வரும்போது வாசலிலேயே உன் கையைத்தான் முதலில் பார்ப்பேன்.

இந்தப் பெண்ணோ, வேறு பெண்ணோ, யாரையாவது நீ கட்டத்தான் போகிறாய். நிக்காஹுக்கு யாரைச் சாட்சி வைக்கிறாய் என்பதில் இனி நான் தலையிட மாட்டேன், அவனைத் தவிர யாரையும் வை. ஆனால் அந்தச் சாட்சிகள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டுப் போய்விடுவார்கள். உன் கல்யாணத்துக்கு உண்மையான சாட்சி ரொம்ப வருஷம் கழித்துத்தான் வருவாள். என்னை மாதிரி ஒருத்தி கதவைச் சாத்திக்கொண்டு உன் பெண்டாட்டியைக் குளிப்பாட்டுவாள். காதுக்குப் பின்னாலும் பார்ப்பாள், மணிக்கட்டையும் பார்ப்பாள். அவள் வெளியே வந்து முகம் ஒளியா இருந்திச்சு என்று சொல்லும்போது அது பொய்யாக இருக்கக் கூடாது.

உன் உம்மா